ஒரே மாலையில் மூன்று கூட்டங்கள்

மும்பையில் நம் ஜனங்களில் அநேகருக்கு வாரத்தில் ஒருநாளே ஓய்வு. அந்த ஞாயிறு மாலையிலேயே சகோதரிகள் ஜெபமும், வாலிபர் கூடுகையும், ஞானஸ்நான ஆராதனையும் குறிக்கப்பட்டால், மகள் தண்ணீரில் இறங்கும் வேளையில் தாய் வேறிடத்தில் இருப்பாள்.

எங்கள் சபையின் இணையதளத்தை நான் கவனித்து வருகிறேன். ஒவ்வொரு ஐக்கியத்திற்கும் தனி நாட்காட்டியும் தனி நிறமும் உண்டு. 2006இல் அறிமுகமான கூகுள் காலண்டர் அவை யாவற்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டும். மோதும் வேளைகள் உடனே புலப்படும். எது விலக வேண்டும் என்பதையோ அது சொல்லாது. ஆகையால் ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் முதலில் குறிக்கிறோம். மற்றவற்றை ஐக்கியத் தலைவர்கள் கூடிப் பேசி, விட்டுக்கொடுத்து அமைக்கிறார்கள்.

நீங்களும் உங்கள் கூட்டத்தை அறிவிக்குமுன் அடுத்த ஐக்கியத்தின் நாளைப் பாருங்கள். குடும்பங்கள் ஒன்றாய் வரட்டும்.