மலையில் இருந்து படிக்க நாலு நாவல்கள்



"என்ன நாவல் படிக்கலாம், சொல்லு" என்று நூலகப் பீரியடில் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'பொன்னியின் செல்வன்' பற்றி எல்லாரும் சொல்லியாச்சு. 2022, 2023-ல் படமும் வந்தாச்சு. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

என் முதல் ஓட்டு சு. வெங்கடேசனின் 'வீரயுக நாயகன் வேள்பாரி'க்குத்தான். 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு இரண்டு பாகமாகப் புத்தகமானது. தூக்கினால் கை வலிக்கும். "இத யாருடா படிப்பா?" என்று ஓடாதீங்க. புலவர் கபிலர் பறம்பு மலை ஏறுவதில் கதை தொடங்குகிறது. அவருக்கு ஏறுவதே பெரும்பாடு. கூட வரும் நீலனுக்கோ அது விளையாட்டு. 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நம் வீட்டு விருந்தாளிகள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

எப்போதும் வடக்குப் பார்த்தே உட்காரும் ஒரு சின்ன விலங்கு இதில் வருகிறது. அறிவியல் சார் ஒத்துக்கொள்ள மாட்டார், அது கற்பனைதான். கடலில் திசை காட்ட அது உதவும் என்று தெரிந்ததும் கீழே இருப்பவர்களுக்கு மலை மேல் ஆசை வந்துவிடுகிறது. மூவேந்தரும் படையோடு வருகிறார்கள். நம் மலையில் பாக்சைட் வெட்டியெடுத்த கதையைப் பெரியவர்களிடம் கேட்டவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.

பாரியும் நம் வல்வில் ஓரியும் கடையெழு வள்ளல்களில் இருவர். ஓரியைக் கொன்ற மலையமான் திருமுடிக்காரி, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாட்டில் இருக்கிறது. ஆடி 18-க்கு செம்மேட்டில் விழா எடுக்கிறோம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று மேடையில் பேசுகிறோம். மலை கைமாறின பிறகு இங்க இருந்த ஜனங்க என்ன ஆனாங்கன்னு மட்டும் யாரும் பேசறதில்ல. வேள்பாரியை மூடி வைத்த பிறகும் எனக்கு அந்தக் கேள்வி போகவில்லை.

குறையும் உண்டு. போர் நீண்டுகொண்டே போகிறது. பாரி தப்பே செய்வதில்லை. ஒரு தடவையாவது சொதப்பியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்!

ஆறு, ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. 2023-ல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. கீழடிக்குப் போகும் ஒரு பையன், பொம்மை ஒன்றால் அந்தக் காலத்து ஆதனைச் சந்திக்கிறான். கீழடிப் பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயர் நிஜமாகவே கிடைத்திருக்கிறது. என் தம்பி இதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி அம்மாவிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டான்.

விஞ்ஞானக் கதை என்றால் பழசானாலும் சுஜாதாதான். 1980-களில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கும், வாயாடும். செல்போனிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும்போதெல்லாம் ஜீனோ ஞாபகம் வருகிறது. அந்தக் கதையில் யாருக்கும் இரண்டெழுத்துக்கு மேல் பெயர் கிடையாது. நம் வகுப்பில் எத்தனை பேர் தேறுவோம் என்று எண்ணிப் பார்த்தேன், மூணே பேர்!

பிளஸ் ஒன், பிளஸ் டூ அண்ணன் அக்காக்களுக்கு மு. ராஜேந்திரனின் 'காலா பாணி'. 2022-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். 1801 காளையார்கோவில் போருக்குப் பின் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை வெள்ளைக்காரர்கள் பினாங்குக்குக் கப்பலேற்றிய கதை. மெதுவாகத்தான் போகும், பொறுமை வேணும்.

வேள்பாரி இரண்டு பாகத்தையும் திங்கட்கிழமை நூலகத்தில் திருப்பி வைத்துவிடுவேன். முதலில் வருபவருக்கு முதல் பாகம். முடிவு என்னன்னு கேட்டு யாரும் என்கிட்ட வராதீங்க, சொல்ல மாட்டேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி