கொழுக்குமலைக்குப் போன ஜீப்

கொழுக்குமலை தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய்த்தான் ஏற வேண்டும். பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகச் சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி! பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். அதை ரோடு என்றால் ரோடு கோபித்துக்கொள்ளும். பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் ஏறுவது ஜீப்தான்.

விடியுமுன் புறப்பட்டோம். 7,000 அடிக்கு மேலே நின்று, காலடியில் பொங்கும் மேகத்தின்மீது சூரியன் எழுவதைப் பார்க்க வேண்டுமென்று என் மனைவிக்கு நெடுநாள் ஆசை. பாதி வழியில் அவள்தான் மூக்கைச் சுளித்தாள்.

"என்னமோ தீய்கிறதே!"

வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டாளோ என்று நான் பயந்தேன். டிரைவர் தம்பியின் முகமோ வாடிவிட்டது. "கிளட்ச்சுங்க அக்கா" என்றான். என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. பெடலை மிதித்தால் கிரீச்சென்று அலறல். சூரியோதயத்தைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு பாறையில் உட்கார்ந்து பார்த்தோம். வாடகை வேண்டாமென்று தம்பி கையெடுத்துக் கும்பிட்டான்.

மெள்ளக் கீழே இறங்கி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். முன்னும் பின்னும் போகும் ஷாப்ட்டுகளைக் கழற்றி, கியர் பாக்ஸை இறக்கவே மதியமாகிவிட்டது. கிளட்ச் பிளேட் ரிவிட் தெரியும் வரை தேய்ந்திருந்தது.

"பிளேட்டை மட்டும் போடுங்கண்ணே. பேரிங்கை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றான் தம்பி. சீஸன் நேரம், வண்டி நின்றால் அன்றைய வரும்படி போச்சு.

மெக்கானிக் பெரியவர் நிமிரவில்லை. "சின்னச் சாமான்தான். அதுக்காக மறுபடியும் கியர் பாக்ஸை இறக்கணுமே? அந்தக் கூலியை யாரு குடுப்பா? நீயும் பெடல்மேலேயே காலை வச்சுட்டு ஓட்டாதே!"

பெடலை மிதிக்கும்போது, சுழலும் பிரஷர் பிளேட்டை அழுத்தி கிளட்ச்சை விடுவிப்பது இந்த ரிலீஸ் பேரிங்தான். எப்போதும் கால் பட்டுக்கொண்டே இருந்தால் அது ஓயாமல் சுற்றித் தேய்கிறது.

தம்பி பேசாமல் சட்டைப் பையைத் தடவினான். என் மனைவி முழு வாடகையையும் எடுத்து நீட்டினாள். "நாளைக்கு எங்களுக்குச் சூரியோதயம் காட்ட வேண்டாமா? அதுக்கு அட்வான்ஸ்." எங்கள் பஸ் டிக்கெட் அன்றிரவுக்கு என்பதை நான் சொல்ல வாயெடுத்தேன், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பெரியவர் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டார். புதுப் பிளேட்டில் எண்ணெய் படக் கூடாதாம். பழைய ஷாப்ட் துண்டு ஒன்றைச் செருகி மையம் பார்த்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறுகச் சிறுக முறுக்கினார்.

மறுநாள் நாலு மணிக்கே ஹாரன் சத்தம். முதல் நாள் நின்ற திருப்பத்தை ஜீப் சத்தமில்லாமல் கடந்தது. மேலே, தேயிலைத் தொழிற்சாலை அருகே, என் மனைவி மறுபடியும் மூக்கை உறிஞ்சினாள். நான் பதறிவிட்டேன்.

"தேயிலை வாசனைங்க!" என்றாள்.