பேட்டரியைக் கழற்றாதே

செங்கம்

அன்புத் தங்கைக்கு,

மலைப்பக்கம் நல்ல மழை. கடையில் கரண்ட் வந்து வந்து போகிறது. சிட்டா நகலுக்கு நிற்கிறவர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

லேப்டாப் அசையாமல் நின்றதும் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், சேவ் பண்ணியிருந்த ப்ராஜெக்ட் ஃபைலே காலியாக இருந்தது என்று போனில் அழுதாயே. சேவ் கொடுத்ததும் எல்லாம் உடனே டிஸ்கில் ஏறிவிடாது. கொஞ்ச நேரம் மெமரியில் காத்திருக்கும். அந்த இடைவெளியில்தான் நீ பேட்டரியைப் பிடுங்கியிருக்கிறாய்.

நான் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப் அது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் வகுப்பில் அதைத் திறந்தவர்களே குறைவு. நீயும் லினக்ஸ் வகையான உபுண்டு போட்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

திரை உறைந்தாலும் அடியில் சிஸ்டத்தின் கருவான கெர்னல் பெரும்பாலும் விழித்துத்தான் இருக்கும். ஒரு கீயை அழுத்தியதும் கீபோர்டு கண்ட்ரோலரிடமிருந்து சிபியுவுக்கு இன்டரப்ட் போகிறது. எத்தனை மும்முரமாக இருந்தாலும் அம்மா கூப்பிட்டால் எழுந்து போகிறோமே, அப்படிக் கைவேலையை வைத்துவிட்டு சிபியு அதைக் கவனிக்கும். 1981-ல் வந்த ஐபிஎம் பிசிக்காக டேவிட் பிராட்லி எழுதிய கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட்டும் இந்த வழியில் வந்ததுதான். லினக்ஸில் அதைவிடப் பக்குவமான சிஸ்ஆர்க்யூ இருக்கிறது. கீபோர்டில் பிரின்ட் ஸ்கிரீன்தான் அது.

ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு (தேவைப்பட்டால் எஃப்என்னும் சேர்த்து) எஸ் தட்டு. டிஸ்க் விளக்கைப் பார். படபடவென்று துடித்து அடங்கும். மெமரியில் தேங்கியது எழுதப்படுகிற நேரம் அது, அவசரப்படாதே. பிறகு யு, டிஸ்கில் இனி யாரும் எழுத முடியாது. கடைசியாக பி, உடனே ரீபூட். எடுத்த எடுப்பில் பி அழுத்தினால் பேட்டரியைக் கழற்றியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. சேவ் கொடுக்காமல் விட்ட பக்கத்தை எஸ்ஸும் காப்பாற்றாது.

ஆர், இ, ஐ என்று இன்னும் மூன்றைச் சேர்த்து ஆறெழுத்தாக மனப்பாடம் பண்ணச் சொல்வார்கள். உபுண்டுவில் அந்த மூன்றும் நடக்காது. எந்தெந்த எழுத்துக்கு அனுமதி என்று அதில் வைத்திருக்கும் எண் 176. அதாவது எஸ்ஸுக்கு 16, யுவுக்கு 32, பிக்கு 128. அதோடு 64 கூட்டி 240 ஆக்கினால் எஃப் திறக்கும். 2 ஜிபி மெமரியில் இருபது டேப் திறக்கிற உனக்கு எஃப்தான் வேண்டியது. மெமரியை அதிகம் தின்கிற புரோகிராமை மட்டும் கொல்லும், ரீபூட்டே வேண்டாம். திரை லாக்கில் இருந்தாலும் வேலை செய்யும். ரூமில் இருப்பவர்களிடம் சொல்லிவைக்காதே!

கேப்ஸ் லாக் விளக்கு எரியாவிட்டால் மெஷின் செத்தது என்பார்கள். நம்பாதே. அந்த விளக்கைப் போடுவதும் திரையை வரைகிற புரோகிராம்தான். அது நின்றால் விளக்கும் நிற்கும், கெர்னல் பிழைத்திருக்கும்.

கெர்னலே இன்டரப்டை அடைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டால் மட்டும் இதெல்லாம் பலிக்காது. அப்போது பவர் பட்டனை அணையும் வரை அழுத்திப் பிடி. அதற்கும் பேட்டரியைத் தொடாதே, அதன் கொக்கி ஏற்கெனவே ஆடுகிறது.

பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பைக் கொண்டு வா, 240 மாற்றித் தருகிறேன். அதுவரை ப்ராஜெக்டைப் பென்டிரைவிலும் ஒரு நகல் வை.

அன்புடன்,
அண்ணன்