ஏலக்காய்க்குப் படாத புகை

ராசிங்காபுரத்தில் மார்கழியிலும் சில வீடுகளில் மின்விசிறி சுற்றும். அங்கிருந்து போடி போய், ஜீப்பில் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டில் இறங்கினால் பல் தந்தியடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே முப்பது வருஷமாகப் போய்வந்தவர் அந்த அம்மா. ஏலக்காய் எடுக்கும் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் சாயங்காலம் ஜீப்பில் ஊர் திரும்பிவிடுவார்கள். கணவர் இறந்தபிறகு, சீசன் முடியும்வரை எஸ்டேட் லயத்திலேயே தங்குவது இவர் வழக்கமாகிவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்கு அழைத்துப்போக, போடியில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் மகன் ஒருநாள் விடியற்காலையில் வந்தார். கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தது. கடைசியில் திறந்த அம்மாவால் நிற்க முடியவில்லை. தலை பாரம், குமட்டல். கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்புச்சட்டி நிறையக் கரிக்கங்கு. ஜன்னல் இடுக்கெல்லாம் சாக்குத்துணி. மகன் அவரைத் தூக்காத குறையாக வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தார். கையோடு டாக்டரிடமும் அழைத்துப்போனார்.

“குளிர் தாங்கலப்பா. கங்குலதான் புகையே வராதே...”

அதுதான் ஆபத்து. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு அது பற்றிக்கொள்ளும். தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

“ஏம்மா, ஸ்டோர்ல ஏலக்காயை எப்படிக் காய வைக்கிறீங்க? அடுப்பு வெளிய. சூடு குழாய் வழியா உள்ள வரும், புகை தனியா வெளிய போயிரும். ஏலக்காய்க்கே புகை படாமப் பாத்துக்கிறீங்க. உங்களுக்கு?”

அம்மாவிடம் பதிலில்லை. வேலையை விடச் சொன்னதற்கு மட்டும் உடனே பதில் வந்தது: “அதெல்லாம் முடியாது.”

பொங்கல் முடிந்து மலையேறும்போது மகன் 800 வாட் ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். லயத்தின் பழைய ஒயரை நம்பாமல், மேஸ்திரியிடம் கேட்டுத் தனி லைன் இழுத்து பிளக் வைத்தார். சுவிட்சைப் போட்டதும் உள்ளிருந்த குழாய்கள் சிவந்தன. சற்று நேரத்தில் அம்மாவுக்குச் சந்தேகம்.

“மூஞ்சி சுடுது, முதுகு குளிருது. ரிப்பேரா?”

ரிப்பேர் இல்லை. அகச்சிவப்புக் கதிர் அப்படித்தான். காற்றைச் சூடாக்கிவிட்டு அப்புறம் ஆளிடம் வருவதில்லை. நேராக வந்து, எதிரே உள்ள தோலையும் போர்வையையும் சுவரையும் சூடாக்கும். சூடான சுவர்தான் பிறகு மெல்ல மெல்லக் காற்றைச் சூடாக்கும். பனிக்காலை வெயிலில் நின்றால் இதமாகவும், நிழலுக்கு நகர்ந்தால் வெடவெடப்பாகவும் இருப்பது இதனால்தான். ஸ்டோர் குழாய்க்கு அருகே போனால் தொடாமலே அனல் முகத்தில் அடிப்பதும் இதே கதிர்தான். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு அதில் கொஞ்சம்தான், பெரும்பகுதி தெரியாதது. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் நிறமே இல்லாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். அங்கேதான் சூடு அதிகம் ஏறியது!

நம் உடம்பும் இந்தக் கதிரை விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. குளிர்ந்த சுவர் திருப்பித் தருவது குறைவு. அதனால்தான் கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் லயத்துக் கல்சுவர் பக்கம் படுத்தால் குளிர் எடுக்கிறது.

“கரண்ட்டு பில்லு?”

“ஒண்ணேகால் மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டும்மா. ராத்திரி முழுக்க ஓடவேண்டாம்.”

மகன் சில கட்டளைகளும் போட்டார். மூன்றடி தள்ளி வைக்கவேண்டும். மேலே ஈரத்துணி காயப்போடக் கூடாது. படுக்கும்முன் ஒரு மணி நேரம் முன்னால் உட்கார்ந்து, அணைத்துவிட்டுத்தான் தூங்கவேண்டும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்திப் போட்டார். ஜன்னல் சாக்கை அவரே உருவி எறிந்தார்.

இப்போது இருட்டியதும் பக்கத்து லயத்துப் பெண்கள் இரண்டு பேர் அங்கே வந்துவிடுகிறார்கள். முகம் காய்ந்ததும் திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டுகிறார்கள். யாராவது கங்குச்சட்டியை வீட்டுக்குள் கொண்டுபோனால் அந்த அம்மா விடுவதில்லை. “ஏலக்காய்க்கே புகை படாமப் பாக்குறோம், உனக்கு என்னத்தா?” என்று சட்டியை வாங்கி வாசலில் வைத்துவிடுகிறார்.