சான்டோஸ் துறைமுகத்து அண்ணனும் நெய்மாரும்



போன சனிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கிட்டு இருந்தப்போ நம்ம தொண்டூழியப் பசங்க ரெண்டு பேருக்குள்ள பெரிய வாக்குவாதம். நெய்மார் பெரிய ஆளா, வினிசியஸ் பெரிய ஆளா? சண்டை முற்றிப் போய் ஒருத்தன் என் பக்கம் திரும்பினான். "அங்கிள், நீங்கதான் பிரேசிலுக்கே போயிருக்கீங்களே, நீங்க சொல்லுங்க." நான் ஆரம்பிச்சா சாம்பாருக்குக் காய் போகாதுன்னு அப்போ சிரிச்சு மழுப்பிட்டேன். சொல்ல நினைச்சதை இங்கே எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

நான் கப்பல்ல இயந்திர அறையில வேலை செஞ்ச காலம். 2012ஆம் ஆண்டு, சீனி ஏற்றுவதற்காக பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்துக்குப் போனோம். நம்ம ஊர் ஆலையில வெள்ளையாக்குற சீனியில நிறைய அங்கேயிருந்துதான் வருது. சீனிக் கப்பல்ல ஒரு சங்கடம்: மழைத் தூறல் விழுந்தாலே கிடங்கு மூடியைச் சாத்திடணும், வேலை நின்னுடும். எங்களுக்கு மழையோ மழை. நாலு நாள்ல முடிய வேண்டியது பத்து நாளைத் தாண்டிடுச்சு.

அப்போதான் அந்த அண்ணன் பழக்கமானார். கப்பல் முகவர் அலுவலகத்துல வேன் ஓட்டுனர். அப்போ ஐம்பதை ஒட்டிய வயசு. கப்பல்காரங்களோட பழகிப் பழகி உடைஞ்ச ஆங்கிலம் பேசுவார். நான் அவரைக் கவரலாம்னு பிரேசில் குழுவோட மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கிட்டு இறங்கினேன். ஏற இறங்கப் பார்த்தவர், "இதை நாலு வருஷத்துக்கு ஒரு தடவை போட்டா போதும்"னு சொல்லி, வேன் இருக்கைக்குப் பின்னால இருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக் காட்டினார். சான்டோஸ் கிளப் சட்டை.

எனக்கு அதுவரைக்கும் பிரேசில்னா ஒரே குழு, ஒரே மஞ்சள். 1982 உலகக் கிண்ணத்துல சீக்கோவையும் சோக்ரடீஸையும் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம. ஆனா அங்கே நாட்டுக் குழு என்பது எப்பவாவது வர்ற விருந்தாளி மாதிரி. வீட்டுச் சாப்பாடு கிளப்தான். கொரிந்தியன்ஸ், பால்மெய்ராஸ், சாவ் பாவ்லோ, சான்டோஸ்: அந்த மாநிலத்தோட நாலு பெரிய கிளப்புகள். முதல் மூணும் கோடிக்கணக்கான ஜனம் வாழுற சாவ் பாவ்லோ தலைநகர்ல. நாலாவது மட்டும் மலையை விட்டு இறங்கி, எழுபது கிலோமீட்டர் தள்ளி, கடற்கரையில இருக்குற ஒரு துறைமுக ஊர்ல. ஊருக்குள்ள அரைக் கோடி என்ன, அஞ்சு லட்சம் பேர்கூட முழுசா இல்லை. எதிரி ரசிகர்கள் இவங்களை "மீன்காரங்க"ன்னு கேலி செஞ்சாங்களாம். இவங்க அந்தப் பேரையே எடுத்து நெஞ்சுல குத்திக்கிட்டாங்க. இன்னிக்கும் சான்டோஸுக்குச் செல்லப் பேர் "மீன்"தான்.

கிளப் ஆரம்பிச்சது 14 ஏப்ரல் 1912. டைட்டானிக் பனிப்பாறையில மோதிய அதே நாள். கப்பல்காரன் எனக்கு அது சகுனமாப் படலை. அண்ணன் மட்டும் "அன்னிக்கு ஒண்ணு முங்குச்சு, ஒண்ணு மிதந்துச்சு"ன்னு எல்லாரிடமும் சொல்ற பழக்கம் வச்சிருந்தார்.

ஒரு மழை நாள்ல என்னையும் அவரோட பதினொரு வயசுப் பையனையும் வீலா பெல்மீரோ அரங்கத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். பெலே ஆடின அரங்கம்னா புக்கிட் ஜாலில் மாதிரி பிரம்மாண்டமா இருக்கும்னு நினைச்சேன். வீடுகளுக்கு நடுவுல, தெருமுனையில, பதினாறாயிரம் பேர் உட்காரக்கூடிய சின்ன இடம். ஆட்டக்காரன் கத்துறது, பூட்ஸ் பந்துல படுற சத்தம் எல்லாம் காதுல விழும். அதுக்குப் பட்டப்பேர் "எலிப்பொறி" மாதிரி ஒண்ணு. உள்ளே வந்த எதிரணி தப்பிக்க முடியாதுன்னு அர்த்தம்.

அப்போ நெய்மாருக்கு இருபது வயசு. அதுக்கு முந்தின வருஷம்தான், பெலே காலத்துக்குப் பிறகு முதல் தடவையா, தென் அமெரிக்காவின் லிபர்ட்டடோரஸ் கிண்ணத்தை சான்டோஸுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். 1962, 1963, அப்புறம் 2011. நடுவுல நாற்பத்தெட்டு வருஷம். பையன் நெய்மார் தலைமுடி மாதிரியே கொண்டை விட்டிருந்தான். பந்து நெய்மார்கிட்ட போகும்போதெல்லாம் இருக்கை மேல ஏறி நின்னுடுவான். அண்ணன் ஏறலை. "நல்லா ஆடுறான். ஆனா இவன் நம்ம ஆளான்னு இப்போ சொல்ல முடியாது. போகும்போது தெரியும்"னார்.

அவர் அளவுகோல் என்னன்னு திரும்பி வர்ற வழியில சொன்னார். உங்களுக்கு யாரைப் பிடிக்கும்னு கேட்டேன், பெலேன்னு சொல்வார்னு எதிர்பார்த்து. "பெப்பே"ன்னார். நான் அந்தப் பேரைக் கேள்விப்பட்டதே இல்லை. பெலேவோட இடது பக்கம் ஆடினவர். இடது கால் உதை பீரங்கி மாதிரி. சான்டோஸுக்கு 405 கோல். 1954லிருந்து 1969 வரைக்கும் ஆடினார், ஆடினதெல்லாம் ஒரே கிளப். 1958லயும் 1962லயும் உலகக் கிண்ணக் குழுவுல இருந்தார். காயத்தால ரெண்டுலயும் ஒரு ஆட்டம்கூட இறங்கலை. அவர் இடத்துல ஆடி ஸகாலோ புகழ் வாங்கினார். பெப்பே அடிக்கடி ஒரு வேடிக்கை சொல்வாராம்: சான்டோஸ் வரலாற்றிலேயே அதிக கோல் போட்ட மனுஷன் நான்தான், பெலே வேற கிரகத்துக்காரர், அவரைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு.

"பெலே ராஜா. ராஜாவை எல்லாரும் கும்பிடுவாங்க. பெப்பே எங்க தெருக்காரர்"னு அண்ணன் சொன்னப்போ எனக்கு நம்ம ஆறுமுகம் ஞாபகம் வந்துச்சு. ஸ்பைடர்மேன்னு பேர் வாங்கின நம்ம மலேசிய கோல்காவலர். இன்னிக்குப் பசங்களுக்கு அவரைத் தெரியுமான்னு தெரியலை. அது வேற கதை.

கப்பல் கிளம்பிடுச்சு. தொடர்பு மட்டும் விடலை. முதல்ல மின்னஞ்சல், அப்புறம் வாட்ஸ்அப் குரல் பதிவு. அதனால இதுக்கு மேல சொல்றதெல்லாம் பல வருஷக் குரல் பதிவுகள்ல கேட்டது.

2013ல நெய்மார் பார்சிலோனாவுக்குப் போனார். 57 மில்லியன் யூரோன்னு பார்சிலோனா அறிவிச்சது. அதுல 40 மில்லியன் நெய்மார் குடும்பத்து நிறுவனத்துக்கு, சான்டோஸுக்கு வந்தது 17 மில்லியன் சொச்சம். பதினோரு வயசுல எடுத்து வளர்த்த வீட்டுக்கு இவ்வளவுதானா? அண்ணனுக்கு அது ஆறவே இல்லை. ஆனா பையன் பார்சிலோனா சட்டை கேட்டான். வாங்கிக் கொடுத்தார். 2017ல நெய்மார் பாரிஸுக்குப் போனார். பையனும் பாரிஸ் ரசிகன் ஆனான். 2023ல சவூதியில அல் ஹிலால். பையன் அதையும் பார்த்தான். வெள்ளைச் சட்டை அவனுக்குச் சின்னதாப் போச்சு. புதுசு வேணும்னு கேட்கலை.

பிரேசில்ல இது ஒரு வீட்டுக் கதை இல்லை. பதினெட்டு வயசு ஆனதும் நல்லா ஆடுறவன் ஐரோப்பாவுக்குப் போயிடுறான். வினிசியஸ் பிளமெங்கோவை விட்டுப் போனதும் அந்த வயசுலதான். அவன் பின்னாலயே சின்னப் பசங்க கண்ணும் போயிடுது. ஊர் கிளப்புல மிச்சம் இருக்குறது போகப் போறவங்களும், போய்க் களைச்சு வந்தவங்களும்தான். நாம கிள்ளான்ல உட்கார்ந்து லிவர்பூல் சட்டை போடுறதுக்கு நமக்குச் சாக்கு இருக்கு. பெலே ஊர்ப் பையனுக்கு என்ன சாக்குன்னு அண்ணன் கேட்டார்.

2014 உலகக் கிண்ணத்துல சொந்த மண்ணுல ஜெர்மனிகிட்ட 7-1 தோல்வி. நான் இங்கே தூக்கமில்லாம அனுதாபச் செய்தி அனுப்பினேன். "நாலாவது கோலுக்கு அப்புறம் தொலைக்காட்சியை அணைச்சிட்டுத் தூங்கிட்டேன்"னு பதில் வந்துச்சு. எனக்குக் கோபமே வந்துடுச்சு. உன் நாடுய்யா!

அவர் உண்மையா உடைஞ்சது ரெண்டு தடவை.

ஒண்ணு ரொபினியோ விஷயத்துல. 2002ல கொரிந்தியன்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டத்துல பந்து மேல காலைச் சுழற்றிச் சுழற்றி ஆடி, சான்டோஸை தேசிய வெற்றியாளரா ஆக்கினவர். அண்ணன் வீட்டு வரவேற்பறையில பெலே, பெப்பே பக்கத்துல அவர் படமும் இருந்துச்சு. 2013ல மிலானில் ஒரு பெண்ணைக் கூட்டாகப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் இத்தாலிய நீதிமன்றம் அவருக்கு 9 ஆண்டு சிறை விதிச்சது. மேல்முறையீடு நடந்துக்கிட்டு இருந்த 2020ல சான்டோஸ் அவரைத் திரும்பவும் எடுத்தது. விளம்பரதாரர்கள் எதிர்த்ததும் ஒப்பந்தத்தை நிறுத்தி வச்சது. விளம்பரதாரன் சொல்லித்தான் கிளப்புக்குப் புத்தி வரணுமான்னு அண்ணன் மனைவி கேட்டாங்களாம். அன்னிக்கு ராத்திரி படத்தைக் கழற்றினார். ரொபினியோ 2024 மார்ச்லதான் பிரேசில் சிறைக்குப் போனார். சுவத்துல ஆணி மட்டும் அதுக்கு முன்னாலயே நாலு வருஷமா தனியா நிக்குது.

கோல் போட்டவனுக்கு எல்லாம் மன்னிப்புன்னு பேசுற ரசிகர் கூட்டம் எல்லா நாட்டுலயும் உண்டு. அண்ணன் அந்தக் கூட்டத்துல சேராதவர்ங்கிறதுல எனக்கு அவர் மேல மரியாதை.

ரெண்டாவது 2023. அதுக்கு முந்தின டிசம்பர் 29ஆம் தேதி பெலே காலமானார். உடலை வீலா பெல்மீரோ திடலின் நடுவுலதான் வச்சாங்க. இரவும் பகலும் வரிசை. அப்புறம் நூறு வயசைத் தொட்டிருந்த அவர் அம்மா வீட்டு வாசல் வழியா ஊர்வலம் போய், அரங்கத்தைப் பார்த்தபடி இருக்குற மாடிக் கல்லறைக் கட்டடத்துல அடக்கம். அண்ணன் வரிசையில நின்னார். பையன் வேலை இருக்குன்னு வரலை. அதை அவர் என்கிட்ட நாலு தடவையாவது சொல்லியிருப்பார்.

அதே வருஷம் டிசம்பர் 6. கடைசி ஆட்டம், சொந்த அரங்கம். போர்த்தலேசாகிட்ட 2-1 தோல்வி. 111 வருஷத்துல முதல் தடவையா சான்டோஸ் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிடுச்சு. வெளியே தெருவுல வாகனங்களைக் கொளுத்தினாங்க. எனக்கு வந்த குரல் பதிவுல முப்பது வினாடி பேச்சே இல்லை, மூச்சு மட்டும். கடைசியில, "நல்லவேளை, ராஜா பார்க்கலை."

குற்றம் யார் மேல? இங்கே அண்ணனோட கருத்து கொஞ்சம் சிக்கல். 2021ல வந்த ஒரு சட்டத்துக்கு அப்புறம் பிரேசில் கிளப்புகள் கம்பெனியா மாறி விற்பனைக்கு வந்துடுச்சு. பொட்டபோகோவை ஒரு அமெரிக்கர் வாங்கினார். குருசெய்ரோவை முன்னாள் ஆட்டக்காரர் ரொனால்டோ வாங்கி, பிறகு வித்தார். சான்டோஸ் இன்னும் உறுப்பினர்கள் கையிலதான். மாசச் சந்தா கட்டுறவங்க ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பாங்க. ஆண்டுக் கூட்டத்துல கணக்கு கேட்டுச் சத்தம் போடுவாங்க. (நமக்குப் புதுசா என்ன!) "கிளப் எங்களோடதுன்னு மார்தட்டினேன். கடன்ல முக்கினவங்களும் நாங்க ஓட்டுப் போட்டு அனுப்பினவங்கதான். யாரைத் திட்ட?"ன்னார். சந்தாவை நிறுத்தினீங்களான்னு கேட்டேன். இரண்டாம் பிரிவுக்குப் போன வாரமே அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டிட்டாராம்.

2024ல இரண்டாம் பிரிவுல முதலிடம், திரும்ப மேலே வந்தாச்சு. 2025 ஜனவரி 31ஆம் தேதி, கொட்டுற மழையில, வீலா பெல்மீரோவுல நெய்மார் வந்து நின்னார். அல் ஹிலால்ல முழங்கால் காயத்தோட மொத்தம் ஏழே ஆட்டம் ஆடினவர். முதல்ல ஆறு மாச ஒப்பந்தம்தான். "களைச்சவன் வீட்டுக்குப் படுக்க வந்திருக்கான்"னு அண்ணன் அனுப்பினார்.

ஆனா அன்னிக்கு மழையில நனைஞ்சுக்கிட்டே அரங்கத்துக்குப் போனது யார் தெரியுமா? பையன். இருபத்து நாலு வயசு ஆள். அப்பாவோட பழைய வெள்ளைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டுப் போயிருக்கான். நெய்மாரோட முப்பத்து மூணாவது பிறந்த நாள் அன்னிக்கு முதல் ஆட்டம். அதுக்கு அப்பனும் மகனும் சேர்ந்தே போனாங்க. 1-1 சமன். பரவாயில்லை.

ஆகஸ்ட்ல வாஸ்கோகிட்ட 6-0. நெய்மார் திடல்லயே அழுதார். இங்கே நம்ம பசங்க அந்தக் காணொளியைப் போட்டுச் சிரிச்சது எனக்குத் தெரியும். அண்ணனோட பதிவு வேற மாதிரி இருந்துச்சு. "பார்சிலோனாவுல ஜெயிச்சப்போ இவன் சிரிச்சது எனக்கு அந்நியமா இருந்துச்சு. இன்னிக்கு அழுதது எங்க வீட்டு அழுகை." பக்கத்துல பையன் ஏதோ சொல்றது கேட்டுச்சு, போர்த்துகீசு மொழியில, எனக்குப் புரியலை.

வருஷக் கடைசியில முழங்கால் சிகிச்சையைத் தள்ளிப் போட்டு, வலியோட ஆடினார் நெய்மார். சான்டோஸ் இறங்காம தப்பிச்சது. நான் விடாம கேட்டேன்: "அண்ணே, இப்போ சொல்லுங்க, நெய்மார் உங்க ஆளா?"

"பெப்பே இல்லை. ஆனா என் பையனைக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். அந்தக் கணக்கை எங்கே எழுதுறதுன்னு தெரியலை"ன்னார். பதினேழு மில்லியன் கணக்கை இத்தனை வருஷமா மனசுல வச்சிருந்தவர் இப்படிச் சொன்னார்.

நெய்மார் திரும்பவும் கிளம்பிட்டா பையன் என்ன செய்வான்னு கேட்டு எழுதினேன். ரெண்டு நாளா பதிலே இல்லை. கேட்டிருக்கக் கூடாதோன்னு நினைச்சேன். மூணாம் நாள் காலையில ஒரு படம் வந்துச்சு. கிளப் உறுப்பினர் அட்டை, பையன் பேர்ல. கீழே ஒரே வரி: "அவன் சம்பளத்துல அவனே கட்டினான்."