வாய்வு என்று எண்ணிய வலி

பீ ஜீஸ் இசைக்குழுவின் மொறிஸ் கிப் 2003 ஜனவரி 12ஆம் திகதி மியாமி பீச்சில் காலமானார். வயது 53. சிறுகுடல் முறுகியதால் அதற்கான இரத்தோட்டம் தடைப்பட்டிருந்தது. நமது பத்திரிகைகளில் அச்செய்திக்குச் சில வரிகளே இடம் கிடைத்தன. குடலுக்கு இரத்தம் போகாவிட்டால் உயிரும் போகுமா என்று அன்று எனக்கு வியப்பு.

சில ஆண்டுகள் கழித்து மூத்த பத்திரிகையாளர் ஒருவரை அதே வகை நோய் கொண்டுபோனது. நாங்கள் அவரை அண்ணர் என்றே அழைப்போம். இரவு பதினொரு மணிக்கு, முதற்பக்கம் முடியும் தறுவாயில், தொப்புளைச் சுற்றி வலி என்றார். நம்மவர்க்கு வயிற்றில் எது குத்தினாலும் அது வாய்வுதான். வேர்க்கொம்பும் உள்ளியும் இருக்க வைத்தியர் எதற்கு? அவரும் சோடா ஒன்றைக் குடித்துவிட்டுத் தலைப்புகளைத் திருத்தத் தொடங்கினார். காலை ஆறு மணிக்குத்தான் வைத்தியசாலை. வலியால் துடித்தவரின் வயிற்றை அழுத்திப் பார்த்தால், அது மெத்தென்றே இருந்ததாம். வலிக்கும் வயிற்றின் நிலைக்குமிடையிலான இந்தப் பொருத்தமின்மையே இந்நோயின் முக்கிய அடையாளம் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அவருக்குக் குடல் முறுகவில்லை. ஒழுங்கற்றுத் துடிக்கும் இதயம் அவருடையது. அத்தகைய இதயத்தின் மேலறையில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம். குடலுக்குச் செல்லும் பிரதான நாடியை அடைத்தால் இது. இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த மாத்திரைகளை அவர் ஒழுங்காக எடுக்கவில்லை என்பது வீட்டாருக்கே தெரியாது. நாளத்துக்குள் மருந்து செலுத்தி எடுத்த சி.ரி. ஸ்கானில் அடைப்புத் தெரிந்தது. சத்திரசிகிச்சைக்கு வயிற்றைத் திறந்தபோது சிறுகுடலின் பெரும்பகுதி கறுத்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

மொறிஸின் இரட்டைச் சகோதரர் றொபினுக்கு 2010இல் குடலில் அடைப்பு ஏற்பட்டது. அவசர சத்திரசிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். அதன்பின்னும் மேடையேறிப் பாடினார். அந்தச் செய்தி வெளிவந்த நாட்களில்தான் அண்ணரின் மனைவியைச் சந்தித்தேன். "பதினொரு மணிக்கே கூட்டிக்கொண்டு போயிருந்தால் தப்பியிருப்பாரோ தம்பி?" என்று கேட்டார். இரத்தம் முற்றாக நின்றால் ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்தில் குடல் மீளமுடியாதபடி அழிந்துவிடலாம் என்று ஒரு வைத்தியர் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.