சாமளாபுரத்து ஆகாய விமானம்

கோயமுத்தூரிலிருந்து திருப்பூருக்குப் போகும் ரயிலில் சோமனூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நூல் விலையைப் பற்றியோ நெசவுக் கூலியைப் பற்றியோ பேசிக்கொண்டுதான் இறங்குவார்கள். அங்கிருந்து தெற்குப் பக்கமாகச் சென்றால் நொய்யற் கரையில் சாமளாபுரம். மதுக்கடை வேண்டாமென்று 2017-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பெண்கள் சாலையில் உட்கார்ந்த செய்தியைப் பத்திரிகைகளில் படித்த நேயர்கள் இவ்வூரின் பெயரை மறந்திருக்கமாட்டார்கள். திருப்பூருக்குப் பனியன் எப்படியோ, இந்த வட்டாரத்துக்குக் காடாத் துணி அப்படி. ஊருக்குள் நுழையுமுன்பே விசைத்தறிகளின் ஓசை வந்து வரவேற்கிறது. சிறிது நேரத்தில் காது அதை மறந்தும் போகிறது.

மறக்க முடியாத ஓசை ஆகாயத்திலிருந்து வருவது. சில மைல் தொலைவில் சூலூர் விமான தளம். யுத்த காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை உபயோகித்த இடம் அது. 1961-ல் நமது கடற்படையின் ஹம்ஸா நிலையம் அங்கேதான் தொடங்கப் பெற்றது. கோவா விடுதலையடைந்த பின்னர் அவ்விடத்துக்கு மாறிச் சென்றது. 2018-ல், நம் நாட்டிலேயே உருவான தேஜஸ் விமானங்களின் முதல் அணி சூலூருக்கு வந்து சேர்ந்தது. தலைக்கு மேலே இரைச்சல் கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பையன்களுடைய சமாசாரம் வேறு.

அத்தகைய பையன் ஒருவனைத் தறிக்கூடத்துத் திண்ணையில் கண்டேன். வயது பதினான்கு இருக்கலாம். அவன் முன்னால் மரத்தில் செய்த சின்ன ஆகாய விமானம். உடல் ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம். மரம் பால்சா. தென் அமெரிக்காவில் ஈக்வடார் தேசத்தில் மிகுதியாக விளைவது. தேக்கின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் இருக்கும். ஒடிந்தால் அடுத்த பலகைக்குத் தகப்பனாரிடம் கை நீட்டவேண்டும். முன்னமே ஓர் இறக்கை ஒடிந்துபோயிற்று.

"இதுவும் போச்சுன்னா இனிமேல் தறிகிட்ட வந்து நிக்கறேன்னு சொல்லியிருக்கானுங்க" என்றார் தகப்பனார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பையன் சிரிக்கவில்லை.

இறக்கையைப் பொருத்துவதென்றால் பசை தடவி ஒட்டிவிடுகிற காரியம் என்று பலரும் நினைக்கக்கூடும். ஒடிந்துபோன இறக்கை அப்படி ஒட்டியதுதான். "மோதுனா ஒடிஞ்சு போகுதுங்க. ரப்பர்னா கழண்டுக்கும்" என்றான் பையன். விமானத்தின் உடலில், இறக்கை வரும் இடத்துக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு மூங்கில் குச்சிகளைக் குறுக்கே செருகியிருந்தான். இறக்கையை உட்காரவைத்து, ரப்பர் வளையங்களை முன்குச்சியில் மாட்டி, மேலாக இழுத்துப் பின்குச்சியில் கோத்தான்.

பிறகுதான் வேலையே ஆரம்பமாயிற்று. வால் நுனியில் குண்டூசியைக் குத்தி, தகப்பனாரின் பாவு நூலில் ஓர் இழையை அதில் கட்டி, இடது இறக்கையின் நுனிவரை இழுத்து முடிச்சிட்டான். அதே இழையை வலது நுனிக்குக் கொண்டுபோனபோது முடிச்சு அரை விரற்கடை விலகி நின்றது. இறக்கையை இம்மியளவு திருப்பி மறுபடியும் அளந்தான். இப்படி நான்கு தடவை! தயாராகச் செய்து விற்கும் விமானத்தைக் கடையில் வாங்கிப் பறக்கவிடும் பிள்ளைக்கு இந்தப் பொறுமை வருமா என்பது சந்தேகம்.

அடுத்தபடியாக, இறக்கையின் முன்விளிம்புக்கு அடியில் மெல்லிய மரச் சிம்பு ஒன்றை நுழைத்தான். வால் பலகையைவிட இறக்கை இரண்டு மூன்று டிகிரி அண்ணாந்து நிற்க வேண்டுமாம். அதிகம் அண்ணாந்தால் விமானம் மூக்கைத் தூக்கி, வேகமிழந்து, தொப்பென்று விழும். போதாவிட்டால் தலைகுப்புறப் பாயும். கடைசியில், முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரு விரல் நுனிகளால் தாங்கிப் பார்த்தான். வால் தாழ்ந்தது. மூக்கில் கொஞ்சம் குளத்துக் களிமண்ணை அப்பினான். விமானம் தராசுக்கோல் போல் நின்றது.

இறக்கையின் இரு பாதிகளும் நுனியில் உயர்ந்திருந்தன. ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கும்போது, தாழ்ந்த பக்கத்து இறக்கை அதிகச் சாய்வில் காற்றைச் சந்தித்து மேலெழும்பும். விமானம் தானே நிமிர்ந்துகொள்ளும். 1871-ல் பாரிஸ் நகரத்துத் தோட்டமொன்றில் அல்போன்ஸ் பெனோ என்னும் இருபத்தொரு வயது இளைஞர் ரப்பர் முறுக்கினால் ஓடும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 விநாடியில் சுமார் 40 மீட்டர் பறந்தது. நுனி உயர்ந்த இறக்கையும் கோணம் குறைந்த வாலும் அதற்கும் உண்டு.

"தேஜஸுக்கு வால் பலகையே இல்லீங்களே?" என்றான் பையன். அதைக் கம்ப்யூட்டர் கணந்தோறும் சமாளித்து நிறுத்துகிறது. திண்ணை விமானத்துக்கு அந்த வசதி கிடையாது.

1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் இறக்கைகளுக்குப் போர்த்தியிருந்தது வெளுக்காத பருத்தித் துணி என்று சொன்னேன். தகப்பனார் தறியை நிறுத்திவிட்டு வந்தார். "காடாவுங்களா?" காடாவுக்கு நெருங்கிய உறவு. அதையும் பாவு நேராக ஓடும்படி போர்த்தாமல், மூலைவாட்டாகப் போர்த்தினார்கள் என்றதும் அவர் சற்று யோசித்தார். "அப்படின்னா ஒவ்வொரு இழையும் குறுக்கே முட்டுக் குடுத்த மாதிரி. சட்டம் கோணாதுங்க" என்றார். விமானப் புத்தகங்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடவில்லை.

சாயங்காலம் மூவருமாகக் குளக்கரைக்குப் போனோம். முதல் வீச்சில் விமானம் மூக்கைத் தூக்கிற்று. பையன் சிம்பைச் சிறிது சீவினான். இரண்டாவது வீச்சில், கரைக்கு மேலாக, சலனமின்றி முப்பது நாற்பது அடி தூரம் சென்று, இடதுபுறம் மெதுவாக வளைந்து, சீமைக் கருவேல முள்ளில் மோதியது. ரப்பர் கழன்று இறக்கை தனியே விழுந்தது.

பையன் ஓடிப்போய் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தடவிப் பார்த்தான். கீறல்கூட இல்லை. தகப்பனார் மடியிலிருந்து நூற்கண்டை எடுத்து நீட்டினார்.

"அளந்து கட்டு, கண்ணு" என்றார்.